டி-ஷர்ட் மேல் போட்ட வரியை யார் கட்டுவது?

"அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டுவிட்டது. இதை நாம் கட்டணுமா, அவர்கள் கட்டணுமா? டிவியில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். திருப்பூரில் வேலை பார்ப்பவர் யாராவது இருந்தால் விளக்குங்கள்."

28.08.2025, இரவு 11.40

நான் இருக்கிறேன் தம்பி. இருபத்து மூன்று வருடமாக பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர்; வெளிநாட்டு பையரோடு, அதாவது வாங்குகிற கம்பெனியோடு, பேசி ஆர்டரைக் கவனிக்கிற வேலை.

சட்டப்படி, இறக்குமதி செய்கிறவர் கட்ட வேண்டும். பெட்டி அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும்போது யார் பெயரில் இறங்குகிறதோ அந்த கம்பெனிதான் சுங்கத்துக்குப் பணம் கட்டும். இந்திய அரசு ஒரு பைசா கட்டாது. நாங்களும் நேரடியாகக் கட்டுவதில்லை.

எங்கள் கம்பெனிக் கணக்கிலேயே சொல்கிறேன். 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 160 கிராம்) சிங்கிள் ஜெர்சி, ரவுண்ட் நெக், 30-ஆம் நம்பர் கோம்டு நூல், நெஞ்சில் ஒரு பிரிண்ட். எஃப்ஓபி விலை, அதாவது இங்கே கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் விலை, 4 டாலர். அதில் 50 சதவீதம் 2 டாலர். இந்த 2 டாலரை பையர் கடை விலையில் ஏற்றலாம், தன் லாபத்தில் விடலாம், அல்லது எங்களிடம் பிடுங்கலாம். மூன்றும் கலந்துதான் நடக்கும். எது எவ்வளவு என்று இன்றைக்குச் சொல்ல முடியாது, வரி வந்தே ஒரு நாள்தான் ஆகிறது.

29.08.2025, காலை

ராத்திரி தூக்கக் கலக்கத்தில் தப்பாகப் போட்டுவிட்டேன். இந்த 50 புதிதாக வந்தது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவீதம் இருக்கிறது. ஆக மொத்தம் 66.5. நாலு டாலர் டி-ஷர்ட்டுக்கு 2 டாலர் 66 சென்ட். காஸ்டிங், அதாவது விலைக் கணக்கு, போடுகிறவன் நானே பழைய வரியை மறந்தேன் என்றால், அது எத்தனை வருடமாக அப்படியே கிடக்கிறது என்று பாருங்கள்.

பாலியெஸ்டர் டி-ஷர்ட் என்றால் பழைய வரியே 32. இந்த வருடக் கூத்துக்கு முன்னால் அமெரிக்காவுக்குள் வரும் காருக்கு 2.5 சதவீதம்தான். காருக்கு இரண்டரை, அஞ்சு டாலர் பனியனுக்கு முப்பத்திரண்டு. கரோலினா, ஜார்ஜியா பக்கம் மில்கள் ஓடிய காலத்தில் அந்த ஊர் செனட்டர்கள் கட்டிய சுவர் அது. அந்த மில்களில் பெரும்பாலானவை மூடியாகிவிட்டது. சுவர் நிற்கிறது.

31.08.2025

"கோர்ட் ரத்து செய்துவிட்டதாமே, ஜாலிதானே?" என்று ஒருவர்.

வெள்ளிக்கிழமை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-க்கு 4 என்று, அதிபர் ட்ரம்ப் கையில் எடுத்த அவசரகாலச் சட்டத்தை வைத்து இப்படி வரி போட முடியாது என்று சொன்னது உண்மை. ஆனால் அக்டோபர் 14 வரை வரி தொடரலாம் என்றும் சேர்த்தே சொல்லிவிட்டது. எங்கள் முதலாளி செய்தியைப் படித்துவிட்டு மறுபடி காஸ்டிங் ஷீட்டைத்தான் திறந்தார்.

06.09.2025

இது கொஞ்சம் நீளும்.

ஏப்ரல் 5-லிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை 10 சதவீதம் கூடுதல் வரி இருந்தது. அப்போது இங்கே யாரும் பெரிதாகப் பதறவில்லை. காரணம், சீனாவைத் தவிர ஏறக்குறைய எல்லோருக்கும் அதே 10. பையர் எங்கே போனாலும் அதே வரி என்றால் எங்களை விட்டுப் போக அவருக்குக் காரணம் இல்லை. ஒரு பையர் 3 சதவீதம் குறைக்கச் சொன்னார், பேசி ஒன்றரையில் முடித்தோம். ஆகஸ்ட் 7-இல் 25 ஆனபோதே வயிற்றைக் கலக்கியது. 27-ஆம் தேதி ரஷ்ய எண்ணெயைச் சொல்லி இன்னொரு 25.

இப்போது பங்களாதேஷுக்கு 20, வியட்நாமுக்கு 20, இலங்கைக்கு 20, பாகிஸ்தானுக்கும் கம்போடியாவுக்கும் 19. எங்களைக் கொல்வது 50 என்ற எண் இல்லை. எங்களுக்கும் பங்களாதேஷுக்கும் நடுவில் இருக்கிற 30. அவர்களுக்கும் 50 போட்டிருந்தால் நான் இந்நேரம் தூங்கியிருப்பேன், அமெரிக்கக் கடைக்காரர் முழித்துக்கொண்டிருப்பார்.

அதனால் முதல் நாள் பதிலைத் திருத்துகிறேன். யார் கட்டுவது என்பதைச் சுங்கச் சட்டம் முடிவு செய்வதில்லை. மாற்று இல்லாதவன் கட்டுவான். எல்லோருக்கும் ஒரே வரி என்றால் பையருக்கு மாற்று இல்லை, அவர் கட்டுவார். எனக்கு மட்டும் என்றால் எனக்கு மாற்று இல்லை.

"அமெரிக்காவுக்கே விற்காதீர்கள், உலகம் பெரிது" என்று எழுதிய அண்ணாவுக்கு: உலகம் பெரிதுதான். எங்கள் ஊர் ஏற்றுமதி வருடத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய், அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமெரிக்கா. ஒரே ஸ்டைலில் இருபத்தைந்தாயிரம் பீஸ் எடுக்கிறவன் அவன். ஐரோப்பாக்காரர் ஆறு கலரில் ஆயிரத்து ஐந்நூறு கேட்பார். லைனை நாளுக்கொரு தடவை மாற்றி வைத்தால் டெய்லருக்கு கை ஓடாது. பிரிட்டனோடு ஜூலை 24-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது நல்ல சேதி, ஆனால் அது அமலுக்கு வர வேண்டுமே.

07.09.2025

இல்லை, ஐரோப்பா பற்றி எழுதியது கொஞ்சம் அநியாயம். கோவிட் சமயத்தில் எங்களைக் காப்பாற்றியது ஒரு ஐரோப்பிய பையர்தான். கோபத்தில் எழுதினேன்.

13.09.2025

2005 பற்றிக் கேட்டிருந்தார் ஒருவர். அது எனக்கு மனப்பாடம்.

அதற்கு முன்னால் கோட்டா காலம். எந்த நாடு எந்தத் துணியை எத்தனை பீஸ் அனுப்பலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் எண்ணி வைத்திருந்தன. 1974-இல் பல்லிழை ஒப்பந்தம் என்று அதற்கொரு பெயர் வந்தது. இங்கே கோட்டா கையில் இருந்தவர் ராஜா. தைக்கவே வேண்டாம், கோட்டாவை விற்றே பிழைத்தவர்கள் இருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நூல் விலைக்குப் பக்கத்தில் கோட்டா விலையையும் காஸ்டிங்கில் ஒரு வரியாக எழுதுவோம்.

2005 ஜனவரி 1-ஆம் தேதி கோட்டா ஒழிந்தது. இனி எல்லாம் சீனாவுக்குத்தான் என்று இங்கே எல்லோரும் நினைத்தார்கள். ஐரோப்பாவிலும் அதே பயம். சீன ஸ்வெட்டரும் பேண்ட்டும் கொட்டின. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்சில் துணி தைக்கிறவர்கள் கத்தினார்கள். ஜூன் 10-ஆம் தேதி ஷாங்காயில் ஐரோப்பிய வணிக ஆணையர் பீட்டர் மாண்டல்சனும் சீன அமைச்சர் போ ஷிலாயும் உட்கார்ந்து, பத்து வகைத் துணிக்கு 2007 கடைசி வரை வரம்பு என்று முடித்தார்கள்.

ஆனால் கடைக்காரர்கள் வசந்த காலத்திலேயே ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். சரக்கு கடலில். வரம்பு சில வாரங்களிலேயே நிரம்பிவிட்டது. ஆகஸ்டில் கோடிக்கணக்கான ஸ்வெட்டரும் பேண்ட்டும் பிராவும் ஐரோப்பியத் துறைமுகங்களில் பூட்டிக் கிடந்தன. லண்டன் பத்திரிகைகள் பிரா யுத்தம் என்று பெயர் வைத்தன. இப்போது கத்தியது வேறு ஆட்கள்: ஸ்வீடன், டென்மார்க், நெதர்லாந்து, ஜெர்மனிக் கடைக்காரர்கள். செப்டம்பர் 5-ஆம் தேதி பெய்ஜிங்கில் மறுபடி பேசி, மாட்டிக்கொண்டதில் பாதியை அடுத்த வருடக் கணக்கில் கழித்து, மீதியைச் சும்மா உள்ளே விட்டார்கள்.

பெயர்தான் ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் சண்டை. நிஜத்தில் தைக்கிற ஐரோப்பாவும் விற்கிற ஐரோப்பாவும் போட்ட சண்டை. சீனா நடுவில் நின்று கையெழுத்துப் போட்டது.

அந்த ஆகஸ்டில் எங்கள் கம்பெனிக்கு ஒரு பையரிடமிருந்து போன். ஆறு மாதம் முன்னால் எங்களைக் கழற்றிவிட்டவர். முப்பதாயிரம் பீஸ், நாற்பது நாளில் வேண்டும் என்றார். விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. முதலாளி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். இருபத்து மூன்று வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது இரண்டே தடவை. இன்னொன்று அவர் பேத்தி பிறந்தபோது.

இன்றைக்கு பங்களாதேஷில் யாரோ ஒரு முதலாளி அப்படிச் சிரித்துக்கொண்டிருப்பார்.

14.09.2025

சொல்ல விட்டது: அந்தக் கோட்டாவே பங்களாதேஷ் ஆயத்த ஆடையை வளர்த்தது. கொரியாவின் கோட்டா நிரம்பியதும் கொரியக் கம்பெனி டேவூ 1979-இல் பங்களாதேஷின் தேஷ் கம்பெனியோடு சேர்ந்து, நூற்றுச் சொச்சம் பேரை புசானுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கியது. மாலத்தீவில்கூட கார்மென்ட்ஸ் இருந்தது, இலங்கைப் பெண்கள் போய்த் தைத்தார்கள். கோட்டா போனதும் அதுவும் போய்விட்டது. ஒரு இடத்தில் அடைத்தால் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகிற மாதிரிதான்.

23.09.2025

ஆகஸ்ட் 27-க்கு முன்னால் கப்பல் ஏறி, செப்டம்பர் 17-க்கு முன்னால் அங்கே இறங்கினால் இரண்டாவது 25 கிடையாது என்று ஒரு சலுகை இருந்தது. அதைச் சலுகை என்று நம்பி ராப்பகலாக ஓட்டினோம். எங்கள் பெட்டி, 24,000 பீஸ், ஆகஸ்ட் 16 தூத்துக்குடியில் ஏறியது. கொழும்பில் பெரிய கப்பல் மாறி, செங்கடல் பக்கம் போகாமல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நேற்று இறங்கியது. 37 நாள். ஐந்து நாளில் போச்சு.

ஆகஸ்ட் 27-இலிருந்து செப்டம்பர் 17 வரை எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் எண்ணவில்லை. பேக்கிங்கில் நின்று அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன்.

02.10.2025

அந்தப் பெட்டிக்கு பையர் டெபிட் நோட், அதாவது எங்களுக்குத் தர வேண்டியதில் கழித்துக்கொள்ளும் சீட்டு, அனுப்பிவிட்டார். பீசுக்கு ஒரு டாலர் கூடுதல் வரி, பாதிப் பாதி என்று 50 சென்ட் கேட்டார். முதலாளி ஒரு மணி நேரம் போனில் பேசி 20 சென்ட்டில் நிறுத்தினார். மொத்தம் 4,800 டாலர். எங்கள் லாபம் பீசுக்கு 24 சென்ட்.

ஆக தம்பி, உன் கேள்விக்கு ஒரு பெட்டிக்கான சரியான பதில்: டாலரில் 80 சென்ட் அவர்கள், 20 நாங்கள்.

03.10.2025

"80 சதவீதம் அவன்தானே கட்டுகிறான், பிறகு ஏன் அழுகிறீர்கள்?"

அவருக்கு அந்த 80 கடையில் விற்கும் விலையில் ஒரு துண்டு. எங்களுக்கு 20 என்பது லாபத்தில் ஆறில் ஐந்து.

11.10.2025

ஜப்பான் கதை ஒன்று. நீளமில்லை.

1968 அமெரிக்கத் தேர்தலில் நிக்சன் தெற்கு மாநில மில்காரர்களுக்கு, ஜப்பான் துணியைக் கட்டுப்படுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அடுத்த வருடம் ஜப்பான் பிரதமர் சாட்டோ வந்தார்; போருக்குப் பிறகு அமெரிக்கா கையில் இருந்த ஒகினாவா தீவு அவருக்குத் திரும்ப வேண்டும். ஒகினாவா தருவதாக முடிவானது. பதிலுக்குத் துணி விஷயத்தில் சாட்டோ தலையாட்டினார் என்று நிக்சன் நினைத்தார். ஊருக்குப் போன சாட்டோவால் தன் நெசவாலைக்காரர்களை மடக்க முடியவில்லை. இரண்டு வருடம் இழுத்தது. 1971 ஆகஸ்டில் நிக்சன் வரி உள்ள இறக்குமதியில் பெரும்பாலானவற்றுக்கு 10 சதவீதம் கூடுதல் வரி போட்டார். அப்புறம், எதிரி நாட்டோடு வணிகம் பற்றிய பழைய போர்க்காலச் சட்டத்தை எடுப்பேன் என்று மிரட்டினார். நட்பு நாட்டின் மேலே! கெடு அக்டோபர் 15. அன்றைக்கே ஜப்பான் வணிக அமைச்சர் தனாகா கையெழுத்துப் போட்டார். ஒகினாவா 1972 மே மாதம் திரும்பி வந்தது.

ஜப்பானில் இதை "நூலை விற்றுக் கயிறு வாங்கினோம்" என்றார்கள். அவர்கள் மொழியில் கயிறுக்கு நாவா என்று பெயர், ஒகினாவாவில் இருக்கிற நாவா. தறிக்காரர்களின் தறிகளை அரசே விலை கொடுத்து வாங்கி உடைத்தது. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

அந்தப் போர்க்காலச் சட்டத்தைச் சுருக்கி 1977-இல் செய்த சட்டம்தான், இப்போது எங்கள் பனியன் மேல் உட்கார்ந்திருக்கிற அவசரகாலச் சட்டம். அன்றைக்கு மிரட்டலுக்கு எடுத்தது, இன்றைக்கு உண்மையாகவே சுடுகிறது.

19.10.2025

தீபாவளிக்கு முந்தின நாள். போனஸ் கொடுத்தாயிற்று. சென்ற வருட அளவு இல்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் சங்கடம்.

26.10.2025

பஞ்சு விவகாரத்தில் என்னைப் பெரம்பலூர்க்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். வெளிநாட்டுப் பஞ்சுக்கு நம் நாடு போட்டிருந்த 11 சதவீத வரியை ஆகஸ்ட் 19-இல் எடுத்தார்கள். முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். வேறொரு விவாதத்தில் "இப்போதாவது புத்தி வந்ததே" என்று நான் எழுதியிருந்தேன்.

அவர் எழுதியது: "உங்களுக்கு அமெரிக்கா வரி போட்டதற்கு எங்கள் பருத்திக்கு ஏன் தண்டனை? நீண்ட இழைப் பருத்திக்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய் என்று பேப்பரில் இருக்கிறது. எங்கள் வியாபாரி அந்த விலைக்கு எடுக்கவில்லை."

இரண்டு நாள் பதில் எழுதவில்லை. எனக்கு நூல் மலிவாக வேண்டும். அவருக்குப் பஞ்சு விலை நிற்க வேண்டும். கரோலினா மில்காரனை நான் திட்டுகிற அதே வாயால் இவரையும் திட்ட வேண்டும், அல்லது இரண்டு பேரையும் விட்டுவிட வேண்டும். வித்தியாசம் சொல்லலாம்: மில்காரன் முதலாளி, இவர் மூன்று ஏக்கர்க்காரர். ஆனால் மில்காரன் காட்டியதும் மில்லில் வேலை பார்த்த கூலிக்காரியைத்தானே. என்னிடம் நல்ல பதில் இல்லை அண்ணா. "புத்தி வந்ததே" என்று எழுதியதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

01.11.2025

ட்ரம்பும் ஷி ஜின்பிங்கும் 30-ஆம் தேதி புசானில் சந்தித்தார்கள். ஃபென்டனில் என்ற போதை மருந்தின் பேரைச் சொல்லி சீனாவுக்குப் போட்ட 20 பத்தாகக் குறைகிறது. பதிலுக்கு இந்த வருடத்துக்குள் 1 கோடியே 20 லட்சம் டன் சோயா வாங்குவார்கள் என்று அமெரிக்கா சொல்கிறது. செப்டம்பரில் சீனா அமெரிக்காவிடம் ஒரு மூட்டை சோயா வாங்கவில்லை. எல்லாம் பிரேசில், அர்ஜென்டினா.

அடிக்கிற இடம் பார்த்து அடிக்கிறார்கள். 2018-இலும் அதே சோயாதான். அப்போது விவசாயிகளை அமைதிப்படுத்த அமெரிக்க அரசு முதலில் 12 பில்லியன் டாலர், அடுத்த வருடம் 16 பில்லியன் என்று அறிவித்தது. ஐரோப்பாவும் 2018-இல் அமெரிக்க விஸ்கிக்கும் ஹார்லி டேவிட்சனுக்கும் வரி போட்டது. கென்டக்கி விஸ்கி என்றால் அன்றைய செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஊர் விஸ்கி. சுங்க வரிப் பட்டியலைத் தொகுதி வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள்.

எங்களிடம் அப்படி அடிக்க என்ன இருக்கிறது என்று யோசித்தேன். அவர்களிடமிருந்து வாங்குகிற பாதாம் பருப்பு?

16.11.2025

காப்பி, வாழைப்பழம், மாட்டிறைச்சி, தேயிலை, மசாலா இதற்கெல்லாம் அந்தப் பொது வரி இல்லை என்று வெள்ளிக்கிழமை உத்தரவு. அங்கே மளிகை பில் ஏறி, ஓட்டுப் போடுகிறவர்கள் முகம் சுளித்ததும் உடனே இறங்கிவிட்டார்கள். வாரா வாரம் வாங்குகிற பொருளின் விலை மனதில் நிற்கும். பனியன் வருடத்துக்கு நாலு வாங்குவார்கள். ஒரு டாலர் ஏறினால் யாருக்கு ஞாபகம்?

ஆக வரியை வெளிநாடே கட்டுகிறது என்றால் வாழைப்பழத்துக்கு ஏன் எடுத்தார்கள் என்று டிவிக்காரரைக் கேளுங்கள்.

22.11.2025

கோடைக்கால ஆர்டருக்கு அதே டி-ஷர்ட், புது விலை. 3 டாலர் 65 சென்ட். 35 சென்ட் போய்விட்டது.

பையர் ஏன் இப்படி அமுக்குகிறார் என்று கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. வரி எஃப்ஓபி விலை மேல். நான் ஒரு சென்ட் குறைத்தால் அந்த ஒரு சென்ட்டுக்கான வரியும் போகும். அவருக்கு மிச்சம் 1.665 சென்ட். அதாவது என் 35 அவருக்கு 58. வரி ஏற ஏற எங்களைக் குறைக்கச் சொல்வது அவருக்கு இன்னும் லாபம். இருபது வருடமாக காஸ்டிங் போடுகிறேன், இதை இப்படிப் பார்த்ததே இல்லை.

அந்த 35 எங்கிருந்து வந்தது என்றும் எழுதிவிடுகிறேன். 18 முதலாளி லாபத்தில். துணியை 160 ஜிஎஸ்எம்மிலிருந்து 150 ஆக்கியதில் 11. நூல், டையிங்கில் 5. மீதி ஒன்று.

அந்த ஒன்று எங்களுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிற பவர் டேபிள்காரருடையது. பீசுக்கு 14 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோம், 13 ஆக்கச் சொல்லி நான்தான் போனேன். பதினெட்டு மெஷின், மனைவியும் ஓவர்லாக்கில் உட்கார்ந்திருக்கிறார். டீ வாங்கி வரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னதும் கத்தரியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டே, "சரிங்க சார், செக்கிங்ல மட்டும் ஆல்டர் நெறைய ஒதுக்காமப் பார்த்துக்குங்க" என்றார். ஆல்டர் என்றால் திருத்தித் தைக்கச் சொல்லித் திருப்பி அனுப்பும் பீஸ். ஒரு ரூபாய் என்பது ஒரு சென்ட்டும் சொச்சமும். 24,000 பீசுக்கு அவருக்கு 24,000 ரூபாய், ஒரு மாத வாடகையும் கரண்ட் பில்லும். 66.5 சதவீத வரியில் அது தூசி. அந்தத் தூசியைப் போய் வாங்கி வந்தவன் நான்.

23.11.2025

பத்து ஜிஎஸ்எம் குறைத்ததை யாரும் கவனிக்கவில்லையே? அமெரிக்காக்காரன் கட்டுகிற வரியில் அதுவும் சேர்த்தி. விலை அதே இருக்கும், நாலு துவையலில் கழுத்து தொங்கும். எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

09.12.2025

"இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்ட தம்பிக்கு. ஓடுகிறது. ஓவர்டைம் இல்லை, சனிக்கிழமை பாதி லைன்.

இன்று காலை அதே பையரிடமிருந்து மெயில். அந்த ரவுண்ட் நெக்கின் அடுத்த ஆர்டர் பங்களாதேஷில், சிட்டகாங்கில் ஓடப்போகிறதாம். எங்கள் சாம்பிள் இரண்டு பீசும் அளவு ஷீட்டும் அந்த பேக்டரிக்கு அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், கழுத்து ஃபிட்டிங் எங்களுடையதுதான் சரியாக இருக்கிறதாம்.

கூரியர் காசு யார் கட்டுவது என்று கேட்டுப் பதில் போட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.